எல்லை மேடம்

முதல் வீட்டு வாசலில் நின்று, "கொஞ்சம் தண்ணி கொடுங்கம்மா" என்று கேட்ட பிறகுதான் எல்லை மேடம் தான் யார் என்பதையே சொல்வார். தாகம் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். ஜீப்பின் பின்சீட்டில் தண்ணீர் பாட்டில் உருண்டுகொண்டேதான் இருக்கும். அவருக்கு வேண்டியது தண்ணீர் இல்லை, அந்தத் தண்ணீரின் ஜாதகம். கேட்டதும் சட்டென்று வந்தால் வீட்டுக்குள் குழாய் இருக்கிறது. மூடியைத் தூக்கும் சத்தம் கேட்டால் பிடித்து வைத்த தண்ணீர். அடுத்த வீட்டுப் பக்கம் யாராவது நழுவினால் குழாயும் இல்லை, குடமும் காலி. ஒரு மிடறு வாயில் வைத்து, கண்ணை மூடி, மெதுவாக விழுங்குவார். அதற்குள் அந்தத் தெரு மாநகரத்தின் பிள்ளையா, மாற்றாந்தாய்ப் பிள்ளையா என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

மாநகராட்சியில் விரிவாக்கப் பிரிவு என்று ஓர் அறை உண்டு. நகரம் வளர்ந்து பக்கத்து நிலத்தின் மேல் கண் வைக்கும்போதெல்லாம் அந்த அறையில் விளக்கு எரியும். மன்றம் கூடி வாக்களிப்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டுமே, அந்த யாராவது எப்போதும் இவர்தான். குட்டையான உருவம், கால்பந்துப் பயிற்சியாளரிடம் கடன் வாங்கியது போன்ற கான்வாஸ் ஷூ, கன்னத்தில் எப்போதும் ஒதுக்கிய ஒரு புளிப்பு மிட்டாய். "இத்துடன் நகரம் முடிகிறது" என்று எழுதிய பலகையைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும். "பலகைய எவனும் எங்கயும் நடலாம். குழாய் எங்க நிக்குதோ அங்கதான் ஊரு நிக்குது" என்பார். ஏரியைத் தாண்டிய குடியிருப்பு, ரயில் பாதைக்கு அப்பால் உள்ள செங்கல் காளவாய், எல்லாம் அவர் கால் பட்ட பிறகுதான் நகரத்துக்குள் வந்தன. வீட்டில் கணவர் கேலி செய்வார்: "படுக்கையில நீ போட்ட எல்லைய நான் தாண்டலாமா, இல்ல மன்றத்துல வைக்கணுமா?" அதற்கும் அவரிடம் பதில் இருக்கும்: "கள ஆய்வு முடியட்டும்."

சின்னப் பிள்ளைகள் கேட்டால்கூட, ஒரு நகரம் நிலத்தை எப்படிச் சேர்த்துக்கொள்கிறது என்று அவர் அழகாகச் சொல்வார். கூட்டுக் குடும்பத்தில் புதிதாக ஒருவரைச் சேர்க்கிற மாதிரிதான். இவர் கொண்டு வருவது என்ன, இவருக்குச் செய்ய வேண்டியது என்ன என்று வீட்டுப் பெரியவர்கள் குசுகுசுப்பார்கள். கொண்டு வருவது அதிகமென்றால் "வாங்க வாங்க", செய்ய வேண்டியது அதிகமென்றால் "இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே." இந்தக் கணக்கையே தூக்கி எறிகிற விதி ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஒரு தெருவின் கழிவுநீர் திறந்து ஓடி, உடம்புக்குக் கேடு செய்கிறது என்று கள ஆய்வில் தெரிந்தால், வரவு இருக்கிறதோ இல்லையோ, நகரம் அதைச் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். ஏழைத் தெருக்கள் நகரத்துக்குள் நுழைய இருந்த ஒரே ஜன்னல் அது. அந்த ஜன்னலின் கொக்கி எல்லை மேடத்தின் கையில் இருந்தது.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் வரிசையாகப் பெரிய கிடங்குகள். வரி கொட்டும், வாய் திறந்து எதுவும் கேட்காது. கிடங்குகளின் முதுகுக்குப் பின்னால், நிலம் சரிந்து இறங்குகிற இடத்தில் ஒரே ஒரு தெரு. பள்ளம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வாசல்களை ஒட்டியே சாக்கடை ஓடும், மழை வந்தால் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகும். குழாய் கிடையாது, லாரித் தண்ணீர்தான். கிடங்குகளைச் சேர்ப்பது முடிவான விஷயம். பள்ளத்தைச் சேர்ப்பதா என்பதுதான் கேள்வி. சேர்த்தால் குழாயும் மூடிய வடிகாலும் வரும். இல்லையென்றால் இன்னும் எத்தனையோ வருடம் அதே சாக்கடை, அதே லாரி.

தலைமைப் பொறியாளர் மென்மையான மனிதர், யாரையும் அதட்டத் தெரியாதவர். பள்ளத்துக்குக் குழாய் இறக்க வேண்டுமென்றால் எத்தனை மேடு வெட்ட வேண்டும் என்று பெருமூச்சுடன் சொல்லிவிட்டு, "நீங்க கண்ணால பாத்தத மட்டும் எழுதுங்க மேடம், போதும்" என்றார். அது எல்லை மேடத்தின் சொந்த வேதம். கேள்விப்பட்டதை எழுதாதே, பார்த்ததை எழுது என்று பொறியாளருக்கே கற்றுக் கொடுத்தவர் மேடம்தான். இவர் தலையாட்டினார்.

இதற்கிடையில் ஜீப் டிரைவர் ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்து ஒன்று செய்தார். கிடங்குப் பக்கம் போனபோது பள்ளத்தில் டீ குடித்தவர், எங்கள் மேடம் வரப்போகிறார், தெருவைப் பளிச்சென்று வைத்துக்கொள்ளுங்கள், பார்த்த உடனே சேர்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அசுத்தமாக இருப்பதுதான் அவர்களுக்கு இருந்த ஒரே சிபாரிசு என்பது பாவம், அவருக்கு எங்கே தெரியும்? அவர்களுக்குத்தான் எங்கே தெரியும்? விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைப் பெருக்குவதுதானே மனித சுபாவம்.

போய் இறங்கிய அன்று எல்லை மேடம் அசந்தே போனார். தெரு பளபளத்தது. சுவர்களுக்குப் புதுச் சுண்ணாம்பு. தெருவில் நடமாடுபவர்களெல்லாம் கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள் மாதிரி உடுத்தியிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்றவர் தையல்காரம்மா, கழுத்தில் அளவு நாடா தொங்க, தெருவின் சார்பாகப் பேசுகிறவர் அவர்தான். மேடம் கேட்பதற்கு முன்பே தண்ணீர் வந்தது. தம்ளர் விளிம்பு வரை, ஐஸ் போட்ட தண்ணீர். ஒரு மிடறு வாயில் வைத்ததுமே மேடத்துக்குப் புரிந்தது, இது கடையில் வாங்கிய கேன் தண்ணீர்.

சாக்கடையைத் தேடினார். காணவில்லை. வீடுகளை ஒட்டி ஆற்றுமணல் பரப்பிய நடைபாதை நீளமாகப் போயிற்று. "இப்படி நடங்க மேடம், ஷூவுல அழுக்கு படாது" என்று தையல்காரம்மா கையைக் காட்ட, மேடம் அதன் மேல் நடந்தார். காலுக்கடியில் மரம் முனகியது. ஓரிடத்தில் மணல் விலகியிருந்தது. அங்கே ஒரு கீல், துருப்பிடித்த இரும்புக் கீல், ஆணியோடு.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த வரிசையில் எந்த வீட்டுக்கும் கதவு இல்லை. நிலைகளில் பழைய போர்வைகளும் துணிகளும் திரைபோலத் தொங்கின. ஒரு திரைக்குப் பின்னால் நோயாளிக் கிழவர் ஒருவர் கட்டிலில் படுத்துக்கொண்டு இவரைப் பார்த்துக் கும்பிட்டார். தெருவே தன் கதவுகளைக் கழற்றிச் சாக்கடையின் மேல் படுக்க வைத்து, அதன் மேல் இவரை நடக்க விட்டிருந்தது!

அந்த இடத்தில் ஒரே ஒரு கேள்வி போதும். கதவெல்லாம் எங்கேம்மா என்று கேட்டிருந்தால் தையல்காரம்மா சிரித்து மழுப்பியிருப்பார், பிறகு சொல்லியிருப்பார். ஷூ நுனியால் மணலைக் கொஞ்சம் தள்ளியிருந்தாலும் போதும். மேடம் இரண்டையும் செய்யவில்லை. இவ்வளவு ஆசையாகச் செய்தவர்களை முகத்துக்கு நேரே அவமானப்படுத்துவதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பாதி உண்மை. மீதிப் பாதி, பொறியாளரின் பெருமூச்சு. கேட்காமல் இருந்தால் எல்லோருக்கும் சுலபம், அவருக்கும் சுலபம். கிளம்பும்போது தையல்காரம்மா மெதுவாகக் கேட்டார்: "எங்களப் பிடிச்சிருக்கா மேடம்?" ரொம்பப் பிடித்திருப்பதாகச் சொல்லிவிட்டு மேடம் ஜீப்பில் ஏறினார். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினார். தெரு சுத்தமாக உள்ளது. குடிநீர் கிடைக்கிறது. கழிவுநீர் வாய்க்கால் மூடப்பட்டுள்ளது.

மன்றம் கூடிய நாளில் பள்ளத்து ஜனங்கள் பொதுமக்கள் வரிசையில் அதே நல்ல உடைகளில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பொறியாளர் அறிக்கையைப் படித்தார். தெரு சுத்தமாக உள்ளது என்றதும் பின்வரிசையில் ஒரு சலசலப்பு. வாய்க்கால் மூடப்பட்டுள்ளது என்றதும் கை தட்டினார்கள். தங்கள் தெருவை ஒரு பெரிய சபையில் புகழ்ந்து பேசி அவர்கள் கேட்டதே இல்லை, முகமெல்லாம் பூரித்துப்போய்த் தட்டினார்கள். தையல்காரம்மா கூட்டத்தில் மேடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினார். ஆகவே சுகாதார விதி பொருந்தாது, கிடங்குகள் மட்டும் சேர்க்கப்படுகின்றன என்று அடுத்த வரி வந்தபோதும் இரண்டு பேர் தட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் அவர்கள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

அதன் பிறகு எல்லை மேடத்துக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மகள் குளியலறைக் கதவைச் சாத்தினால்கூட உடம்பு தூக்கிப்போட்டது. ராத்திரி தாழ்ப்பாள் போடப் போனவர் கையை அதன் மேல் வைத்தபடியே நின்றுவிட்டார். கணவர் வழக்கம்போல எல்லை ஜோக் ஒன்றை எடுத்துவிட, இவர் முகத்தைப் பார்த்துப் பாதியில் விழுங்கினார். என்ன என்று கேட்டதற்கு, "அவங்க வீட்டுக் கதவு மேலயே நடந்து போய், அவங்க வீட்டுக்கே ஆப்பு வச்சுட்டு வந்திருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

ஆட்சேபம் சொல்ல அவகாசம் மீதி இருந்தது. பொறியாளரிடம் போய் நின்றார். தான் கீலைப் பார்த்ததையும், பார்த்துவிட்டு எழுதாததையும் சொன்னார். பொறியாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இதைத் திருத்தினால் நீங்கள் இதுவரை நடந்த எல்லைகளையெல்லாம் தோண்டுவார்களே என்று வருத்தத்தோடு கேட்டார். "தோண்டட்டும் சார். அன்னைக்கு நான் தோண்டியிருக்கணும்" என்றார் மேடம். பலன் உடனே கிடைத்தது. பள்ளத்தை மறுபடி பார்வையிட வேறொரு அதிகாரியை நியமித்தார்கள். எல்லை மேடத்தைப் பிறப்புச் சான்றிதழ் கவுண்டருக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னல் கம்பிக்குப் பின்னால் கான்வாஸ் ஷூவோடு இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறார்.

மறுஆய்வுக்கு முன்னால் வந்த விடுமுறை நாளில் அவர் பஸ் பிடித்துப் பள்ளத்துக்குப் போனார். சாக்கடை தன் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது, கதவுகள் தங்கள் இடத்தில் நின்றன. தையல்காரம்மா மிஷினை நிறுத்தினார், எழுந்திருக்கவில்லை. மேடம் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். புது அதிகாரி வருவார், இந்தத் தடவை எதையும் மூடாதீர்கள், எதையும் பெருக்காதீர்கள், இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும் என்றார்.

"அப்ப எங்க நாத்தத்த நாங்களே தட்டுல வச்சு நீட்டணும்" என்றார் தையல்காரம்மா. "அப்பத்தான் உள்ள விடுவீங்க."

மேடத்தின் கண் கதவின் கீலுக்குப் போயிற்று.

"அன்னைக்கு அந்தக் கீலப் பாத்தீங்கதான?"

"பாத்தேம்மா."

"நீங்க குனிஞ்சு பாத்தத நானும் பாத்தேன். ஐயோ மாட்டிக்கிட்டோமேன்னு எனக்கு உசிரே போயிருச்சு. நீங்க ஒண்ணும் கேக்காம நடந்தீங்க. எவ்வளவு பெரிய மனசுன்னு வீட்டுக்கு வீடு போய்ச் சொன்னேன்." அவர் ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தார், நூல் நுழையவில்லை. "கேட்டிருக்கலாம்ல? வெக்கமா இருந்திருக்கும். இருந்துட்டுப் போகுது. வெக்கத்த துடைச்சுக்கலாம்."

மிஷினுக்குப் பின்னால், அன்று கும்பிட்ட கிழவர் இருமினார். தையல்காரம்மா எழுந்து உள்ளே போய் அவரைத் தூக்கிச் சாய்த்து உட்கார வைத்தார். அங்கிருந்தபடியே, சரி, எதையும் மூட மாட்டோம், தெருவில் சொல்லிவிடுகிறேன் என்றார். பிறகு, சொல்லாமல் இருக்க முடியாத பழக்கத்தால், "வெளிய நிக்காதீங்க, உள்ள வாங்க" என்றார்.

மேடம் ஷூவைக் கழற்றினார். ஆனால் உள்ளே போகவில்லை. திறந்திருந்த கதவின் உட்புறத்தில், முழங்கால் உயரத்துக்கு, சாக்கடை ஊறி ஏறிய கறுப்புக் கறை இருந்தது. சுரண்டிப் பார்த்த தடங்கள் அதன் மேலேயே வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. அவர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, வாசற்படியில் குந்தி உட்கார்ந்து, அந்தக் கறையைத் தேய்த்தார்.

"விடுங்க, அது போகாது" என்றார் தையல்காரம்மா.

எல்லை மேடம் கைக்குட்டையின் சுத்தமான பக்கத்தை வெளியே திருப்பி மடித்துக்கொண்டு, மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.