கோட்டை கேமை முடித்தது யார்

எங்கள் வீட்டில் என் நாத்தனார் யூனிஸைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரே கதைதான் வரும். சின்ன வயதில் டிவி கேம் ஆடித் தோற்றுப்போய் அழுதாள். இரண்டு வயது இளையவனான தம்பி ஸ்டீவன் அதே கேமை அசால்ட்டாக முடித்துக் காட்டினான். அந்த ஸ்டீவனைத்தான் நான் கட்டிக்கொண்டேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கே என் மாமனார் பிரபுதாஸ் இந்தக் கதையை என் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னார். அதற்கப்புறம் கிறிஸ்துமஸோ ஈஸ்டரோ, யார் வீட்டு ஞானஸ்நானமோ, பிரியாணி சாப்பிட்ட இலையை எடுப்பதற்குள் ஒரு தடவை சொல்லிவிடுவார். எனக்குக் காது புளித்துப்போய்விட்டது. யூனிஸ் அண்ணிக்கு மட்டும் புளிக்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாக வயிறு எரிந்தது.

அண்ணி கே.ஜி.கண்டிகையில் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். நாற்பதைத் தாண்டிவிட்டாள். எல்.கே.ஜி. பிள்ளைகளிடம் நாளெல்லாம் தொண்டை கிழியக் கத்துகிறவள், அப்பா முன்னால் மட்டும் வாயே திறக்கமாட்டாள். கோபம் வந்தால் சமையலறைக்கு வந்து பாத்திரம் தேய்ப்பாள். அப்படி ஒரு ஈஸ்டர் அன்று குக்கரைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே, உண்மையில் நடந்ததை என்னிடம் சொன்னாள்.

அந்த கேமுக்குப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. கேசட்டில் சீனாக்கார எழுத்து. இவர்கள் வைத்த பெயர் கோட்டை கேம். கத்தி வைத்திருக்கிற ஒரு குட்டி ஆள் கோட்டை கோட்டையாகத் தாண்டிப் போகவேண்டும். மூன்று லைஃப் போனால் திரும்பவும் முதல் கோட்டை. நடுவில் விட்டுவிட்டு நாளைக்குத் தொடரலாம் என்கிற வசதியெல்லாம் டிவியில் மாட்டி ஆடும் அந்தக் காலத்து கேம் பெட்டியில் கிடையாது. அண்ணிக்கு அப்போது பன்னிரண்டு வயது. கோடை விடுமுறை முழுக்கப் போராடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசிக் கோட்டையின் நெருப்புப் பாலத்தையும் தாண்டிவிட்டாள். அந்த நேரம் பார்த்து என் மாமனார் சாயங்கால ஆராதனைக்குக் கூப்பிட்டார். அண்ணி புத்திசாலித்தனமாக கேமை நிறுத்திவைத்து, டிவியை மட்டும் அணைத்துவிட்டு, பெட்டியை ஓடவிட்டுப் போனாள்.

மாமாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எப்போதோ ரேடியோ தீய்ந்துபோன நாளிலிருந்து, வீட்டை விட்டு எல்லோரும் வெளியே கிளம்பினால் மெயின் சுவிட்சை அணைக்காமல் பூட்டமாட்டார். அன்றைக்கும் அணைத்தார். திரும்பி வந்து பார்த்தால் முதல் கோட்டை. அண்ணி அழுததற்கு, வெளியே போனால் மெயினை அணைப்பேன் என்று தெரியாதா என்று அவளுக்கே திட்டு விழுந்தது.

அடுத்த வாரம் அவளை அரக்கோணத்துச் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும்போது அடாப்டர் எரிந்து பெட்டி செத்துக் கிடந்தது. அதற்கு முந்தின நாளே கேமை முடித்துவிட்டதாக என் புருஷன் அறிவித்திருந்தார். கடைசியில் கோட்டை இடிந்து விழுமாம். ராஜா மகள் மாலையோடு வருவாளாம். வாணவேடிக்கை வெடிக்குமாம். யாரும் கூட இருந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. பையன் சொன்னான், அப்பா நம்பினார்.

விளையாட்டு விஷயம்தானே என்று விட்டுவிடலாம்தான். ஆனால் பிளஸ் டூ முடித்ததும் சென்னைக்குப் போய் கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்று அண்ணி கேட்டபோது, மாமா இதே கதையைத்தான் எடுத்தார். ஒரு கேம் நின்றுபோனதற்கே அழுதவளுக்கு எதற்கு கம்ப்யூட்டர், அதற்கெல்லாம் ஸ்டீவன் மாதிரி தலை வேண்டும் என்றார். அவளை டீச்சர் டிரெய்னிங்கில் சேர்த்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து சென்னைக்குப் போன அந்தத் தலை, பாதிப் பேப்பர்களைக் கோட்டைவிட்டுத் திரும்பி வந்தது. இன்றைக்கும் வீட்டு டிவியில் சேனல் வரவில்லையென்றால் என்னைத்தான் கூப்பிடுகிறது.

இந்த வருடம் ஆடிக் கிருத்திகை சமயத்தில், கூட்டத்தில் ஆட்டோ நகராமல், அண்ணி முருகன் கோயில் மலையடிவாரத்தில் இறங்கி நடந்திருக்கிறாள். காவடிக்காரர்களுக்கு நடுவே ஒரு பிளாட்பாரக் கடையில் பழைய மாதிரி டிவி கேம் பெட்டி தொங்கியது. ஒரே பெட்டிக்குள் நூற்றுக்கணக்கில் கேம். கடைக்காரன் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டும்போது அந்தக் குட்டி ஆள் கத்தியோடு வந்து நின்றான். அங்கேயே நின்றபடி எனக்கு போன் செய்தாள்.

பெட்டியை வாங்கி வந்த அன்று முதல் தினமும் பள்ளி விட்டு வந்ததும் அதே வேலை. கட்டைவிரல் காய்த்துப்போனது. அவள் புருஷன் வெங்கடேசன் நல்ல மனுஷர், அவர் பாட்டுக்குச் சமைத்துச் சாப்பிட்டார். போன மாதம், நெருப்புப் பாலத்தை இப்போது தவறாமல் தாண்டுகிறேன், கடைசி அரக்கன்தான் பாக்கி என்றாள். அப்புறமென்ன, அடித்து முடியுங்கள் என்றேன்.

"இங்க முடிச்சா யாரு பாத்தாங்க? நைனா முன்னாடி முடிக்கணும் ப்ளெஸ்ஸி. அவரு கண்ணால பாக்கணும்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பாடும் முடிந்து, பெட்டியை எங்கள் வீட்டு டிவியில் மாட்டினாள். என் புருஷன் சிரித்துக்கொண்டே செல்போனோடு சோபாவில் சாய்ந்தார். அக்காவுக்கு இந்த வயதில் இது தேவையா என்று ஒரு நக்கல் வேறு. மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குறட்டை விட்டார். அண்ணி யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு கோட்டையாகத் தாண்டினாள். பாலத்துக்கு வரும்போது ஒரே ஒரு லைஃப்தான் பாக்கி.

அப்போது மாமா எழுந்து சட்டையை மாட்டினார். சாயங்காலக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதாம், எல்லோரும் கிளம்பவேண்டுமாம். பேசிக்கொண்டே அவர் கை தானாக மெயின் பக்கம் போனது. நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"மாமா, அதுல கை வைக்காதீங்க."

என்னிடமிருந்து அப்படி ஒரு குரலை அவர் கேட்டதே இல்லை. எனக்கே அது புதுசு. கர்த்தருடைய கூட்டம் என்று ஏதோ ஆரம்பித்தார். கர்த்தர் காத்திருப்பார், நீங்கள் உட்கார்ந்து உங்கள் மகள் ஆடுவதைப் பாருங்கள் என்றேன். முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார். உட்கார்ந்ததால் பார்த்தார்.

பாலத்தைத் தாண்டியதும் வந்த கடைசி அரக்கன் திரையில் பாதியை அடைத்து நின்றான். அண்ணி அவசரப்படவில்லை. அவன் எச்சில் துப்பும் நேரம், குதிக்கும் நேரம் எல்லாம் அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. அடித்தாள், பதுங்கினாள், அடித்தாள். கடைசியில் அரக்கன் மினுக்கி மினுக்கி மறைந்துபோனான்.

கோட்டை இடியவில்லை. குட்டி ஆள் கத்தியைக் கீழே போட்டான். வந்த வழியாகவே, காலியாகக் கிடந்த கோட்டைகளைத் தாண்டித் திரும்பி நடந்தான். ஒரு சின்ன வீடு வந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். புரியாத எழுத்தில் இரண்டு வரி வந்தது, திரை கறுத்தது. அவ்வளவுதான்.

அண்ணி கேம் ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு மாமா பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் வியர்வை.

"முடிச்சிட்டேன் நைனா."

மாமா டிவியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு கழுத்தைத் திருப்பி, சோபாவில் சாய்ந்திருந்த மகனைக் கேட்டார். "ஏன்டா, இதான் கடைசியா?"

"ஆங், இதான் நைனா" என்றார் என் புருஷன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "அப்ப ராஜா பொண்ணு எங்கங்க? மாலை எங்க? வாணம் எங்க வெடிச்சுது?"

அவர் நிமிர்ந்தார். அப்பாவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். மாட்டிக்கொண்டவன் முகம் என்று சொல்லக்கூட வழியில்லை, சிரித்தார். "அப்ப சும்மா சொன்னது ப்ளெஸ்ஸி. ஒரு கேமு. அதப் போயி இன்னும் புட்ச்சிகினு இருக்கீங்களே" என்றார்.

சும்மாவாம். அந்தச் சும்மாவை வைத்து ஒருத்தியின் தலையை அளந்தார்கள், அவள் கேட்ட படிப்பைப் பிடுங்கினார்கள், இத்தனை வருடம் பந்தியில் வைத்துச் சிரித்தார்கள். கையில் இருந்த சொம்பை அவர் மேல் எறியாமல் இருந்ததற்கு இப்போதும் வருத்தப்படுகிறேன்.

மாமா கையை ஆட்டினார். "சரி உடும்மா. ரெண்டு பேரும் என் பசங்கதான். அதான் இப்ப முடிச்சிட்டியே."

அண்ணி எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை.

"அவன் பொய் சொன்னது போவுது நைனா. அப்ப அவனுக்குப் பத்து வயசு. நீ இங்க குந்திகினு உன் கண்ணால பாத்த. பாத்த பெறகும் என்ன நம்பல, அவனத்தான் கேட்ட. ஏன்னு சொல்லு."

மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயோடு மறுபடியும் என் புருஷன் பக்கமே திரும்பினார்.