மணல் மூட்டையின் இருக்கை

லென்ஸின் மேல் இரண்டு முறை ஊதுகிறாள். மூன்றாவது முறை ஊதமாட்டாள். ஊதினால் எச்சில் தெறிக்கும் என்பாள். வீட்டுக்காரரின் நைந்த பனியனிலிருந்து கிழித்த துண்டால் வட்டமாகத் துடைத்து, வெயிலுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிறாள். பிறகு ஒரு காலை விமானத்தின் படியில் ஊன்றி, உடம்பில் பாதியைக் கதவுக்குள் நுழைத்து, கூரையிலுள்ள பிடியில் கேமராவைத் திருகுகிறாள். பிடி கழன்றாலும் விமானியின் தலையில் விழாதிருக்க ஒரு கயிறு. அதில் மூன்று முடிச்சு. இரண்டு போதும் என்று எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். "போதும்னு சொல்றவங்க தலையில விழுந்தாத்தான் தெரியும்" என்று மூன்றாவதையும் இறுக்குகிறாள். விமானிகள் காதில் மாட்டிப் பேசும் கருவியிலிருந்து ஒரு வயர் வருகிறது. அதைக் கேமராவில் செருகி, கட்டைவிரலால் பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்துகிறாள்.

"ஓடுது."

உள்ளே உட்கார்ந்திருக்கும் மாணவர் "ஓடுதுக்கா" என்று திருப்பிச் சொல்லவேண்டும். சொன்னால்தான் கதவைச் சாத்துவாள்.

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பள்ளியில் அவளுக்குக் கேமராக்கா என்று பெயர். பெருக்கித் துடைக்கத்தான் வந்தாள். பதினோரு வருடத்துக்கு முன்பு கேமராக்கள் வந்து இறங்கியபோது அவற்றைத் தொட யாருக்கும் பொறுமையில்லை. ஒன்றை வெயிலில் வைத்துக் கெடுத்தார்கள், ஒன்றை எண்ணெய் வாளிக்குள் போட்டார்கள். பள்ளியை நடத்தும் கேப்டன் மிச்சமிருந்ததை எடுத்து அவள் கையில் வைத்து, "துடைக்கிற கைதானே, இதையும் துடை" என்றார். எட்டாம் வகுப்போடு நின்றவள், அதன் பட்டன் ஒவ்வொன்றையும் தானே அழுத்தி அழுத்திக் கற்றுக்கொண்டாள்.

முதல் மாதத்தில் எடுத்த படங்களில் முன்னால் சுழலும் விசிறி, வளைந்த வாழைப்பழம் போலத் தெரிந்தது. மாணவர்களின் வீட்டார் பயந்துபோனார்கள். வெளிச்சத்தைக் குறைத்தால் வளைவு போகும் என்று கண்டுபிடித்து லென்ஸின் மேல் கறுப்புக் கண்ணாடி பொருத்தியது அவள்தான். கேமராவின் சிவப்பு விளக்கு முன்கண்ணாடியில் பட்டுப் படத்தைக் கெடுத்தது. அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டினாள். பொத்தானை அழுத்தும்போது வந்த பீப் சத்தத்தைக் கேட்டு, எஞ்சினுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஒரு மாணவி அலறினாள். அதையும் அணைத்துவிட்டாள். இப்போது கேமரா ஓடுகிறதா இல்லையா என்பது அவள் கட்டைவிரலுக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் கட்டைவிரல் பதினோரு வருடத்தில் ஒரு தடவைதான் தப்பியது.

விமானங்கள் இறங்கியதும் கேமராவிலிருந்து நகம் அளவு மெமரி அட்டையை உருவி, கிழமைவாரியாக மாத்திரை போடும் டப்பாவில் அடுக்குகிறாள். அவளுடைய அறை விமானக் கொட்டகையை ஒட்டி இருக்கிறது. ஒரு மேசை, ஒரு கணினி, ஓடுபாதையைப் பார்க்காத ஒரு ஜன்னல். அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு பதிவையும் கணினிக்கு மாற்றுகிறாள். மாணவரும் ஆசிரியரும் பிறகு அதைப் போட்டுப் பார்த்துத் தப்பைத் திருத்திக்கொள்வார்கள். படத்தைவிட ஒலியைத்தான் அவள் கவனமாகச் சோதிப்பாள். "கை நடுங்குறத மறைச்சிடுவாங்க. மூச்ச எங்க கொண்டு போய் மறைப்பாங்க?" என்பாள். ஒலி முழுவதும் வயர் வழியாக வருவது. எஞ்சினை நிறுத்தி மின்சாரத்தை அணைத்தால் படம் ஊமையாகிவிடும்.

மாணவர்கள் முதன்முறை தனியாகப் பறக்கும் நாளின் பதிவுதான் அவளுக்கு உயிர். பக்கத்தில் ஆசிரியர் இல்லை. சக்கரம் தரையை விடும் அந்த நொடியில் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஏதோ ஒன்று வந்து விழும். பாதிப் பேர் அம்மாவைக் கூப்பிடுவார்கள். ஒருவன் "பாருப்பா, இப்பப் பாரு" என்று ஊரிலிருக்கும் அப்பாவிடம் சண்டைக்குப் போனான். ஒருத்தி காலியாக இருந்த இருக்கையைப் பார்த்து "சார், வரட்டுமா?" என்று கேட்டாள். அலுவலகத்தில் எல்லோரையும் எடுத்தெறிந்து பேசும் தடியன் ஒருவன், "சாமி சாமி சாமி" என்று பதினெட்டுத் தடவை சொன்னான். மறுநாள் அவன் வந்தபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை. தேநீர் மட்டும் ஒரு கோப்பை கூடுதலாக ஊற்றிக் கொடுத்தாள். வீட்டாருக்கு அனுப்பும் நகலில் அந்த ஒரு சொல்லை அழித்துவிட்டுத்தான் அனுப்புவாள். "அது அவங்களோடது. நாம கேட்டதே அதிகம்."

அத்தனை சொற்களையும் கேட்டுக் கேட்டு அவளுக்குள் ஓர் ஆசை வேர்விட்டிருந்தது. விமானத்தில் ஏறவேண்டும் என்பதோடு அது நிற்கவில்லை. சக்கரம் தரையை விடும்போது தன் வாயிலிருந்து என்ன வரும் என்று தெரியவேண்டும். யோசித்து வைத்துச் சொன்னால் அது செல்லாது. தானாக வரவேண்டும்.

வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிறவர். "நான் ஒரு நாளைக்கு நூத்தம்பது தடவ மேல போறேன். உன்ன மாதிரி அலட்டிக்கிறேனா?" என்பார்.

"நீங்க கதவச் சாத்திட்டுப் போறீங்க. ஒண்ணும் தெரியாது."

"தெரிஞ்சா எவன் ஏறுவான்?"

பள்ளியில் நான்கு பேர் உட்காரும் விமானம் ஒன்று உண்டு. பெரிய வண்டி என்பார்கள். முன்னால் கனமான இருவர் ஏறினால் மூக்குக் கனத்துப்போகும். அதனால் பின்னிருக்கையில் நாற்பத்தைந்து கிலோ மணல் மூட்டையை வைத்து பெல்ட் போடுவார்கள். பெல்ட் போடும் வேலையும் கேமராக்காவுடையது. "எத்தனை தடவ போயிட்டு வந்துட்ட! ஒரு வார்த்த சொல்றியா?" என்று மூட்டையின் காதைத் திருகுவாள். அவளுடைய எடை செருப்போடு சேர்த்து நாற்பத்தாறு. இதை அவள் கேப்டனிடம் சொல்லாத மாதம் கிடையாது. பாட விமானத்தில் வெளியாளை ஏற்றக்கூடாதும்மா என்பது அவர் பதில்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பெரிய வண்டிக்குப் பெயிண்ட் அடிக்க அதை வேறோர் ஓடுதளத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நாற்பது நிமிடப் பயணம். கேப்டனும் மெக்கானிக்கும் போகிறார்கள். பாடமும் இல்லை, மாணவரும் இல்லை. மெக்கானிக்தான் ஆரம்பித்தார். "சார், மூட்டையத் தூக்கித் தூக்கி என் இடுப்புப் போச்சு. நம்ம தங்கச்சி தானா நடந்து வந்து ஏறும்."

கேப்டன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "திரும்பி வர்றது பஸ்லதான். பரவாயில்லையா?"

"நடந்துகூட வருவேன் சார்."

அன்று ஒரு நாள் மட்டும் கேமராவைப் பின்பக்கம் திருப்பி வைத்தாள். வழக்கம் போலப் படியில் நின்று இரண்டு முறை ஊதினாள், துடைத்தாள், மூன்று முடிச்சுப் போட்டாள். வழக்கம் போலக் கட்டைவிரல் பொத்தானை அழுத்தியது. ஆனால் "ஓடுது" என்று சொல்ல எதிரே மாணவர் யாருமில்லை. மூட்டையின் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, காதுக்கருவியை மாட்டியதும் சந்தேகம் வந்தது. பொத்தானை அழுத்தினோமா? விளக்கின் மேல் டேப். சத்தமும் கிடையாது. அழுத்தவில்லை என்றே தோன்றியது. எட்டி இன்னொரு முறை அழுத்தினாள். ஓடிக்கொண்டிருந்த கேமரா நின்றது.

விமானம் ஓடியது, ஏறியது. சக்கரம் தரையை விட்டபோது அவள் ஏதோ சொன்னாள். சொன்னது தெரியும். என்ன சொன்னோம் என்பது, அடுத்த நொடி ஜன்னலுக்கு வெளியே கொட்டகைக் கூரையும் தன் அறையின் தகரமும் சின்னதாகிப் போனதைப் பார்த்ததும் மறந்தே போயிற்று. கவலைப்படவில்லை. அதுதான் பதிவாகிறதே என்று நாற்பது நிமிடமும் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வந்தாள். இறங்கி, எஞ்சின் நின்று, மின்சாரத்தை அணைத்த பிறகு, நிறுத்துவதாக நினைத்து மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். நின்றிருந்தது ஓட ஆரம்பித்தது.

மறுநாள் காலை அட்டையைக் கணினியில் போட்டாள். இரண்டே பதிவுகள். முதலாவதில் காலி இருக்கை. அதில் அவள் ஏறி உட்கார்ந்து பெல்ட் போடுகிறாள். ஒரு கட்டைவிரல் பெரிதாகி வருகிறது. அவ்வளவுதான். இரண்டாவதில் அவள் முகம். பதினொரு நொடி. பிறகு கேமராவைக் கழற்றிப் பைக்குள் வைத்திருக்கிறாள். பேட்டரி தீரும்வரை முக்கால் மணி நேரம் பையின் இருட்டு. இரண்டிலும் ஒலியில்லை. மின்சாரம் இல்லாத நேரத்தில் எடுத்தவை.

நேரே கொட்டகைக்குப் போனாள். "அண்ணே, மேல ஏறும்போது நான் என்ன சொன்னேன்?"

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "ஏதோ சொன்னம்மா. சிரிச்ச மாதிரியும் இருந்துச்சு, கூப்பிட்ட மாதிரியும் இருந்துச்சு."

"யாரக் கூப்பிட்டேன்?"

"அது தெரியலியேம்மா."

கேப்டன் அந்த நேரத்தில் கட்டுப்பாட்டு அறையோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். "இன்னொரு தடவ கூட்டிட்டுப் போறேன். இதுக்குப் போய் மூஞ்சியத் தொங்கப்போடாத" என்றார்.

"ரெண்டாவது தடவ யோசிச்சுட்டுத்தான் சார் பேசுவேன்" என்றாள். அவருக்குப் புரியவில்லை. அவள் துணியை எடுத்துக்கொண்டு அடுத்த லென்ஸைத் துடைக்கப் போனாள்.

வீட்டுக்காரர் கேலி செய்வார் என்று பயந்துகொண்டேதான் சொன்னாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "லிஃப்ட்ல ஏறினா, பேசிட்டு வர்றவங்ககூட பேச்ச நிறுத்திடுவாங்க. எத்தனையோ பேரப் பார்த்துட்டேன். நீ வாயத் திறந்திருக்க." மறுபடி சோற்றைப் பிசைந்துகொண்டே, "என்னைத்தான் கூப்பிட்டிருப்ப" என்றார்.

"ஆமா, நெனப்புதான்."

விளக்கின் மேலிருந்த டேப்பை அவள் எடுக்கவில்லை. படம் கெட்டுவிடும். காலையில் வழக்கம் போல ஊதுகிறாள், துடைக்கிறாள், முடிச்சுப் போடுகிறாள். பெரிய வண்டி புதுப் பெயிண்டோடு திரும்பிவிட்டது. மணல் மூட்டை தன் இடத்தில் ஏறிக்கொண்டது. அதற்கு பெல்ட்டை மாட்டும்போது இப்போதெல்லாம் காதைத் திருகுவதில்லை. பெல்ட் அழுத்துகிறதா என்று ஒரு விரலை நுழைத்துப் பார்க்கிறாள்.

சாயங்காலம் அன்றைய பதிவுகளை எல்லாம் மாற்றி முடித்து, மாத்திரை டப்பாவை மூடியபின் அறைக் கதவைச் சாத்துகிறாள். அந்தப் பதினொரு நொடியைப் போடுகிறாள். கலைந்த தலையோடு, கண் நிறைய வெளிச்சத்தோடு, இதுவரை அவள் பார்த்திராத ஒரு முகம் திரையில் குனிகிறது. அதன் உதடுகள் இன்னமும் எதையோ சொல்லிக்கொண்டிருக்கின்றன. காதுக்கருவியை மாட்டி ஒலியைக் கடைசி வரை கூட்டுகிறாள். ஒன்றும் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து போடுகிறாள். திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய், அந்த உதடுகள் திறக்கும்போது தானும் திறந்து, அவை குவியும்போது தானும் குவித்து, குரல் இல்லாமல் கூடவே அசைத்துப் பார்க்கிறாள்.