ஏழாம் மாதத்து விக்கல்

மகளுக்கு முதல் வலிப்பு வந்தபோது அவள் பிறந்து முப்பது மணி நேரம்கூட ஆகவில்லை. பால் குடித்துக்கொண்டிருந்தவள் வாயை எடுத்துவிட்டு இடது கையை விறைப்பாக நீட்டினாள். முகம் கறுத்தது. நர்ஸ் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அன்றைக்கே பத்துப் பன்னிரண்டு தடவை வந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து மும்பை தாராவியில் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கீழே என் வீட்டுக்காரரின் தோல் பட்டறை. மேலே ஒரே அறையில் நாங்களும் மாமியாரும். மருந்தில் வலிப்பு குறைந்தது. ஆனால் பிள்ளை யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஐந்து மாதமாகியும் தலை நிற்கவில்லை.

"ஏழாம் மாசத்துல உம்மாவப் பாக்கணும்னு அம்பர்நாத்துக்கு டிரெயின் ஏறுனியே, அந்தக் குலுக்கல்தான்" என்றார் மாமியார். எனக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது.

பிள்ளைக்கும் எங்களுக்கும் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் செம்பூரில் ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவில் வளர்ந்தவர், தமிழிலேயே பேசினார். நரம்பு செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியே போக நுண்ணிய வழிகள் உண்டாம். அது போனால்தான் துடித்த செல் அடங்குமாம். என் மகளுக்கு அந்த வழி சரியாகத் திறப்பதில்லை.

"இது பொறந்தப்புறம் வந்ததில்லைம்மா. வயித்துல மூளை உருவாறச்சேயே இந்த வழிகளுக்கு வேலை உண்டு. செல் பெருகறது, தன் இடத்துக்குப் போய்ச் சேர்றது, எல்லாத்துலயும் பங்கு இருக்கு."

கர்ப்பத்தின் ஏழாம் மாதம் எனக்கு ஞாபகம் வந்தது. வயிற்றுக்குள் ஒரே சீராக, விடாமல் வெட்டி வெட்டி இழுக்கும். மாமியார் கை வைத்துப் பார்த்து, "பிள்ளைக்கு விக்கலு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதைச் சொல்லி, "அப்பமே அது வலிப்புத்தானா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மூடி வைத்தார். "இருந்திருக்கலாம். வெறும் விக்கலாவும் இருந்திருக்கலாம். இப்போ சொல்ல முடியாது."

பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "கீழ நாங்க சொல்யூஷன் தடவித்தான் தோல ஒட்டிக்கிட்டிருந்தோம். அந்த வாடை மேல வரும். மாசமா இருக்கும்போது இவ அதுலதான் கெடந்தா. அதுனாலயா? நெசத்தச் சொல்லுங்க."

பிள்ளை பிறந்த வாரமே ஒட்டுகிற வேலையை அவர் ஏன் வேறு கடைக்கு மாற்றினார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"இல்லை. கரு உண்டாறச்சேயே ஒரு ஜீன் மாறிடுத்து. உங்க ரெண்டு பேர் ரத்தத்துலயும் அது இல்லை. நீங்க செஞ்சது எதனாலயும் வரலை."

வீட்டுக்காரர் தலையாட்டினார். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதார். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன்.

"எம்மேல தப்புன்னா அல்லாட்ட மன்னிப்புக் கேட்டிருப்பேன். யாரு மேலயும் இல்லன்னா, நா என்னத்தக் கேக்க?" என்றார்.

மகள் இரண்டரை வருடம் இருந்தாள். ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, நான்கே நாளில் போய்விட்டாள். அவளைக் கடைசியாகக் குளிப்பாட்டும்போது, எப்போதும் விறைத்தே கிடந்த அந்தக் கைகள் முதல் தடவையாகத் தளர்ந்திருந்தன.

அடுத்த பிள்ளைக்கு இது வர வாய்ப்பு மிகக் குறைவு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று நாங்கள் பேசி முடிவெடுத்ததில்லை. இரண்டு பேருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை, வருடங்கள் போய்விட்டன.