கசேர்ட்டாவில் மாதாவைத் தேடிய கதை

என் புருசன் கொட்பிறிக்குப் பொறுமையை வைக்க ஆண்டவர் மறந்துபோனார். மெல்பேர்னில் பதினாலு வருடமாக ரயில் பெட்டி கழுவுகிறவர். ஸ்பிரிங்வேலில் மீன்காரனோடு வாய்காட்டாமல் ஒரு சனிக்கிழமை வீடு திரும்பியதில்லை. எல்லாவற்றையும் விட மோசம், 1995இல் அவர் எழுதிய கடிதம்.

மாமி மன்னாரில் செத்தபோது இவருடைய தம்பி றமேஸ் இத்தாலியில் விசா இல்லாமல் ஒளித்திருந்தான். செத்த வீட்டுக்கு வரமுடியவில்லை. அந்தக் கோபத்தில் இவர், "அம்மா கடைசிவரை உன்ர பேரையே எடுக்கேல்லை" என்று எழுதிப் போட்டார். பச்சைப் பொய். மாமி மூன்று நாளும் றமேஸ், றமேஸ் என்றுதான் அரற்றினா. தலைமாட்டில் இருந்தவள் நான். அதற்குப் பிறகு அண்ணன் தம்பி பேச்சில்லை.

2011இல் கோயில் ஆட்களோடு ரோமாபுரிக்கு யாத்திரை போனோம். ஒரு நாள் கசேர்ட்டா அரண்மனைத் தோட்டம். றமேஸ் இருக்கும் நாப்போலி அதற்குக் கிட்ட. "உண்மையை நேரில முகத்தைப் பார்த்துச் சொல்லவேணும்" என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். ஹோட்டலில் இருந்து நான்தான் போன் எடுத்தேன்.

"அண்ணி, தோட்டத்துக்குள்ள ஒரு குகை இருக்கு. தண்ணிக்குள்ள முழங்காலில ஒரு வெள்ளைப் பொம்பிளைச் சிலை. ஆரைக் கேட்டாலும் காட்டுவினம். ரெண்டு மணிக்கு நில்லுங்கோ. மூண்டரைக்கு நான் ஓடவேணும். படுக்கையில கிடக்கிற கிழவரைப் பார்க்கிறன், மாத்த ஆளில்லை."

குகை, தண்ணீர், முழங்காலில் பெண். மன்னார்க் கத்தோலிக்கனுக்கு வேறென்ன தோன்றும்? "லூர்து மாதா கெபி!" என்றார் இவர். மெழுகுதிரியும் வாங்கிக்கொண்டார்.

தோட்டமா அது! அரண்மனையில் இருந்து மலையடி அருவிவரை நேர்கோடாக நீண்டு கிடந்தது. இவர் காண்கிறவரிடம் எல்லாம் "மடோன்னா? மடோன்னா?" என்றார். காவலாளி ஒருவன் அரண்மனைக்குள் இருந்த சிற்றாலயத்தைக் காட்டினான். அங்கே போய் நின்றோம். இரண்டு மணி. இரண்டரை. எங்கள் சிம் அந்த நாட்டில் ஊமை.

"வரமாட்டான். சொன்னனானெல்லே. நான் எழுதின எழுத்துக்கு ஆர் வருவான்?" இவர் ஆலய வாசலையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இஞ்சேருங்கோ, இதில குகை எங்க? தண்ணி எங்க?"

"நீர் சும்மா இரும்!"

சும்மா இருக்கிற ஆளா நான்? முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவளுக்கு முன்னால் போய் முழங்காலில் விழுந்தேன். கையால் தண்ணீர் அள்ளிக் காட்டினேன், தலைக்கு மேல் குகை காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "வேனெரே!" என்று சொல்லி, மலையடியைக் காட்டி, எங்களைச் சின்ன பஸ் ஒன்றில் ஏற்றிவிட்டாள். அப்போது மூன்று மணி.

பஸ் ஆமை வேகத்தில் ஊர்ந்தது. இவர் என் கையை நோகப் பிடித்திருந்தார். மேலே இறங்கி மரங்களுக்குள்ளால் ஓடினோம். அறுபது வயதில் அந்த மனுசன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

குகையடியில் றமேஸ் நின்றான். தலை முழுக்க நரை, பையைத் தோளில் போட்டுவிட்டான். பக்கத்தில் தண்ணீருக்குள், என்ர மாதாவே, ஒட்டுத்துணி இல்லாத ஒருத்தி! வேனெரே என்றால் அவர்களுடைய காதல் தேவதையாம்.

"உந்த அம்மணச் சிலையடியிலயோடா என்னை வரச் சொன்னனி?" பதினாறு வருடத்துக்குப் பிறகு அண்ணன் சொன்ன முதல் வார்த்தை அது. கையில் மெழுகுதிரி.

றமேஸ் சிரித்துக்கொண்டே மணிக்கூட்டைப் பார்த்தான். "அண்ணா, எனக்கு அஞ்சு நிமிசம்தான்."

இவருக்கு மூச்சு வாங்கியது. "அம்மா உன்னைத்தான்ரா கேட்டவ. மூண்டு நாளும். நான் எழுதினது பொய்."

றமேசின் சிரிப்பு நின்றது. அண்ணனின் கையைப் பிடித்தான். கோபமே இல்லாமல், மெதுவாகத்தான் சொன்னான்.

"இதைப் போனிலயே சொல்லியிருக்கலாமே, அண்ணா. பதினாறு வருசம் நான் ஒழுங்கா நித்திரை கொள்ளேல்லை."