கூட்டத்துக்குப் போன அம்மா

அம்மா பொய் சொல்கிறாள் என்பதைக் கண்டுபிடித்தவள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அம்மா திருவொற்றியூரில் மாநகராட்சிக்காகத் தெருக் கூட்டினாள். ஒப்பந்த வேலைதான்; கன்டெய்னர் லாரி ஓட்டிய அப்பா மட்டும் சொந்தக்காரர்களிடம் 'கவர்மென்ட் வேலை' என்று சொல்லிக்கொள்வார். விடியுமுன் போகிறவள் மதியம் திரும்புவாள். அந்த வருடம் திரும்பிய கையோடு இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு மறுபடி கிளம்ப ஆரம்பித்தாள். கேட்டால், "சங்கத்துல கூட்டம். சம்பளம் ஏத்திக் கேக்கறோம்" என்பாள்.

வாரத்தில் நான்கு நாள் கூட்டம் போடும் சங்கத்தை அப்பா கேள்விப்பட்டதில்லை. தவிர, அம்மா திரும்பி வந்ததும் தெருக்குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகே வீட்டுக்குள் நுழைவாள். பக்கத்து வீட்டு அத்தைக்கும் அதே வேலை, அதே சங்கம். ஆனால் இருவரும் சேர்ந்து கிளம்பி நான் பார்த்ததில்லை.

"உங்கம்மா எங்க போறான்னு பாத்துகினு வா" என்றார் அப்பா ஒரு நாள்.

பின்னாலேயே போனேன். தேரடியில் அம்மா ஷேர் ஆட்டோவில் ஏறி மறைந்துவிட்டாள். விடாமல், கூட்டம் நடக்கும் சமுதாயக் கூடத்தை விசாரித்துப் போய்ப் பார்த்தேன். நீளமாகப் பாய் விரித்து, சங்கத்து மாமா ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டீ கேன்.

அன்று அம்மா திரும்பியதும் அப்பா கேட்டார். "கூட்டத்துல இன்னா பேசனாங்கோ?"

"எப்பவும் பேசறதுதான்."

அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்தாள். "அண்ணே, என் பக்கத்துலதாண்ணே குந்தினு இருந்திச்சு!"

"நீயும் அங்க இல்ல அத்தை!" என்று கத்தினேன். "யாருமே இல்ல. ஒரு மாமா மட்டும்தான் இருந்தாரு."

அம்மாவும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீயும் போவலையா?" என்றாள் அம்மா.

"நீ போயிருப்பேன்னு நெனச்சேன்டி. எனக்கு மண்டபத்துல பாத்திரம் தேய்க்கிற வேல."

அம்மா அப்பாவிடம் கைகளை நீட்டினாள். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்து, வெடித்திருந்தது. "காசிமேட்டுல எறா உரிக்கிறேன். நீ ஊரெல்லாம் கவர்மென்ட் வேலைன்னு சொல்லி வச்சிக்கிற, உன்கிட்ட எப்படிச் சொல்றது? அந்தச் சம்பளத்துல பாதி மாசம் தாண்டல. கூட்டத்துக்குப் போனா அன்னிக்கு எறா கூலி போச்சு. எல்லாரும் இப்பிடித்தான் எங்கியாவது போயிருப்பாளுங்கோ."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். துப்புக் கொடுத்ததற்கு ஒரு பாராட்டாவது கிடைக்கும் என்று காத்திருந்தேன். யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த கூட்டத்தன்று அப்பா லாரிக்குப் போகவில்லை. அம்மா இறால் உரிக்கப் போனாள். அப்பா சமுதாயக் கூடத்துக்குப் போய், அந்தப் பாயில் அவள் இடத்தில் உட்கார்ந்தார். அதற்கடுத்த வாரம் பக்கத்து வீட்டு மாமாவையும் கூட்டிப் போனார். அப்பாவுக்கு இப்போது அந்தச் சங்கத்துக்காரர் மேல் சந்தேகம், அதனால்தான் ஆள் சேர்த்துக்கொண்டு வேவு பார்க்கிறார் என்றே வெகுகாலம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.