ஜெக்கரியா பாயின் இரண்டு விரல்

பாபநாசத்தில் ரயிலடிக்குப் போகிற வழியில் ஜெக்கரியா பாயின் ஒர்க்‌ஷாப். போர்டு கிடையாது. போர்டு எதற்கு? டைமிங் பெல்ட் என்று வாயைத் திறந்தாலே இந்தப் பக்கத்து டிரைவர்கள் அங்கேதான் கை காட்டுவார்கள். இன்ஜினுக்குள் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் ஓடவைக்கிற, பல் வைத்த ரப்பர் பட்டை அது. ரொம்ப இறுகினால் பேரிங் போய்விடும். தளர்ந்தால் பட்டை பல் தாண்டும், ஓடுகிற வண்டி நடுரோட்டில் அப்படியே நின்றுவிடும்.

பாய் அவசரப்பட மாட்டார். இன்ஜின் நன்றாக ஆறியபிறகுதான் கை வைப்பார். பட்டையின் நீளமான பக்கத்தைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்து முறுக்குவார். கால் திருப்பு வந்து, அதற்குமேல் வரமாட்டேன் என்று அது நிற்கவேண்டும். பிறகு ஸ்பேனரைப் போட்டு இன்ஜினைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றிவிட்டு மறுபடி முறுக்கிப் பார்ப்பார். "இதுக்கு மீட்டர் வந்திருக்காமே பாய்?" என்று யாராவது கேட்டால், "அல்லாஹ் ரெண்டு விரல் குடுத்திருக்கானே, பத்தாதா?" என்பார். முப்பது வருஷம் அந்தப் பேச்சு செல்லுபடியானது, என்னத்தைச் சொல்ல!

பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. முதலில் பாதம் மரத்தது, காலை விட்டுச் செருப்பு கழன்றுபோனால்கூடத் தெரியாது. அப்புறம் விரல். சட்டைப் பட்டனைப் போட முடியாமல் திணறியதைப் பார்த்து, மனைவி ஹஃப்ஸாதான் தினமும் போட்டுவிட்டாள். "என்னங்க, டாக்டர்ட்ட கையைக் காட்டுங்க. அதுவரைக்கும் வேலையை நிறுத்துங்க" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். கேட்டாரா மனுஷன்? பாய் கை போச்சு என்று ஊர் சொல்லிவிடுமாம். மூச்சு விடாமல் மறைத்தார்.

அப்படி மறைத்துக்கொண்டிருந்த நாளில்தான் அரசப்பனின் டீசல் கார் வந்தது. பாபநாசத்தில் ரைஸ் மில் வைத்திருப்பவர் அரசப்பன். பாய் புது பெல்ட் போட்டார், ஆறவிட்டார், முறுக்கினார், இரண்டு சுற்று சுற்றினார், மறுபடி முறுக்கினார். எல்லாம் வழக்கப்படிதான். ஆனால் கால் திருப்பில் பெல்ட் நிற்கவில்லை, மரத்து வலு இல்லாத கைதான் நின்றது. பெல்ட்தான் நின்றது என்று நினைத்து மூடிவிட்டார்.

ஆறு வாரம் கழித்து, தை மாதம், ஒரு மத்தியான நேரம் அரசப்பனின் அப்பாவுக்கு நெஞ்சுவலி. டிரைவர் கண்ணுசாமி அவரைப் பின்சீட்டில் சாய்த்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் பறந்தான். அய்யம்பேட்டை தாண்டியதும் வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், உயிர் வரவில்லை. நெல்லு லாரி ஒன்றைக் கும்பிட்டு நிறுத்தி ஏற்றுவதற்குள் பெரியவர் அடங்கிவிட்டார்.

"வண்டியை நாசமாக்கி எங்கப்பனைக் கொன்னுட்டியேடா!" என்று எழவு வீட்டு வாசலிலேயே கண்ணுசாமியை அறைந்தார் அரசப்பன். ஊரும் ஆமாம் போட்டது. காரைக் கட்டி இழுத்து வந்தது எங்கே? பாயிடமேதான். "என்ன பண்ணித் தொலைச்சான்னு பிரிச்சுப் பாத்துச் சொல்லுங்க பாய்."

பாய் பெல்ட் கவரைக் கழற்றினார். பட்டை அறுந்துபோகவில்லை, தளர்ந்து பல் தாண்டியிருந்தது. வால்வெல்லாம் வளைந்து கிடந்தது. இது யார் வேலை என்று அவருக்குத் தெரியாதா? கவரை மறுபடி மாட்டி, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினார். நாலு நாள் அந்தச் சாக்கை எடுக்கவில்லை. தொழுகையில் நின்றாலும் அந்தப் பெரியவர் முகம்தான்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் கண்ணுசாமியே வந்து நின்றான். தாடியும் அழுக்குச் சட்டையுமாக, பார்க்கச் சகிக்கவில்லை.

"பாய், கிளம்பறப்ப லேசா ஒரு சத்தம் கேட்டுச்சு. அவசரத்துல ஓட்டிட்டேன். அதனாலதானே? என் தப்புதானே? வாயால சொல்லிடுங்க, தூக்கமே இல்ல."

பாய் வாயைத் திறப்பதற்குள் அரசப்பனின் பைக் வந்து நின்றது. கண்ணுசாமியைக் கண்டதும் அவருக்கு முகம் சிவந்தது.

"நீ இங்க என்னடா பண்ற?"

"அவனை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் பாய். "பெல்ட்டை நான்தான் தளர்வா விட்டேன். தப்பு என்னுது."

அரசப்பன் சிரித்தார், கசப்பாக. "பாவம் பாத்துப் பழியை வாங்கிக்கிறீங்களா? உங்க கையாவது, தப்பா விடுறதாவது! யார்கிட்ட கதை விடுறீங்க?"

பாய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். முப்பது வருஷத்துப் பேர், அது அரசப்பனை நம்பவிடவில்லை. பாய் சட்டென்று குனிந்தார். மில்லுக்கும் வீட்டுக்கும் வெயிலில் அலைந்து வந்த பைக்கின் சைலன்ஸரில் அந்த இரண்டு விரலையும் வைத்தார். வைத்தபடியே அரசப்பன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. தோல் கருகிய வாடை வந்தது.

"ஐயோ, பாய்!" கண்ணுசாமிதான் பாய்ந்து கையை இழுத்தான். விரலில் தோல் உரிந்து வந்தது.

"தெரியலைங்க. எதுவுமே தெரியலை. ஆறேழு மாசமா இப்படித்தான்" என்றார் பாய்.

அரசப்பன் அப்படியே அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கண்ணுசாமியை நிமிர்ந்து பார்க்க அவருக்கு முகம் இல்லை. கண்ணுசாமியோ அவரைக் கவனிக்கவே இல்லை. அவன் டிரைவர் அல்லவா, அவன் புத்தி வேறு எங்கோ போய்விட்டது.

"பாய், இந்த ஆறேழு மாசத்துல வேற எந்த வண்டிக்கெல்லாம் பெல்ட் போட்டீங்க?"

அடப்பாவி மனுஷா, அதுவரை அந்த யோசனையே பாய்க்கு வரவில்லை! உதடு மட்டும் அசைந்தது. பட்டுக்கோட்டை தேங்காய் மண்டிக்காரர் வண்டி. ஒரு வாடகைக் கார். அப்புறம் நெடுமாறனின் ஸ்கூல் வேன்.

மணி நாலேகால். கண்ணுசாமி நெடுமாறன் நம்பரைப் போட்டு, போனைப் பாயின் காதில் வைத்தான். ரொம்ப நேரம் அடித்தது. எடுத்ததும், நெடுமாறன் குரலுக்கு முன்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம்தான் கேட்டது.

"சொல்லுங்க பாய், வண்டியில போய்க்கிட்டிருக்கேன்."

"நிறுத்துப்பா. ஓரமா நிறுத்தி சாவியை எடுத்துடு. பிள்ளைங்களை இறக்கு."

"ஏன் பாய்? வண்டி நல்லாத்தானே ஓடுது! நீங்க போட்ட பெல்ட்டுதானே?"

"அதனாலதான்பா" என்றார் பாய்.