சந்திரகிரிக்கு நைனா ஏன் கூப்பிட்டார்?

மே மாதம் சித்தூர்ப் பக்கம் போகாதே என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு லீவு கிடைத்தது அப்போதுதான். அம்மா இறந்து நான்கு வருடமாகிறது. விஜயபுரம் மண்டலத்தில் எங்கள் ஊரில் அப்பா, நான் கூப்பிடுவது நைனா, தனியாக இருக்கிறார். ஒரு வாரம் அவரோடு இருந்துவிட்டு வரலாம் என்று மும்பையிலிருந்து கிளம்பினேன்.

ரேணிகுண்டாவில் இறங்கும்போது மணி பதினொன்று நாற்பது. அங்கிருந்து நகரிக்கு பஸ், ஒன்றரை மணி நேரம், 75 ரூபாய். ஆந்திராவில் பெண்களுக்கு பஸ் இலவசம் என்று நம்பி ஏறாதீர்கள். ஆதாரில் ஆந்திரா முகவரி இருக்க வேண்டும், என்னுடையதில் மும்பை. நகரியிலிருந்து ஷேர் ஆட்டோ, 30 ரூபாய்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. நைனா கண்ணாடி இல்லாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜில் லேபிள் கிழித்த இரண்டு மருந்து பாட்டில்கள். கேட்டால், "அது தூசிக்கும்மா" என்றார். போன் வந்தால் எழுந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்ப் பேசினார். நிலத்தை விற்கப் பார்க்கிறாரா, யாராவது ஏமாற்றுகிறார்களா, பெரிய வியாதி எதையாவது மறைக்கிறாரா என்று மனசு ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தது.

மூன்றாம் நாள் காலை அவரே ஆரம்பித்தார்.

"சந்திரகிரி கோட்டைக்குப் போலாமா?"

"இத்தினி வருசத்துல ஒரு தடவகூட கூட்டிக்கினு போனதில்ல. இப்ப இன்னா நைனா?"

"நீ பாத்ததில்லியே, அதான்." புதுச் சட்டையின் மடிப்பைப் பிரித்துக்கொண்டே சொன்னார்.

நாற்பத்தொரு டிகிரி வெயிலில் கோட்டை பார்க்க ஆசைப்படும் விவசாயியை நான் கண்டதில்லை. ஆனாலும் போனேன். நகரியிலிருந்து திருப்பதி, அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் ஆட்டோ. "முன்னூத்தம்பது" என்ற ஓட்டுநர் முன்னூறுக்கு ஒப்புக்கொண்டார். நைனா வழி முழுக்க போனையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கோட்டைக்குள் இருக்கும் ராஜமகாலுக்கு டிக்கெட் 25 ரூபாய். கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. உள்ளே போனதும் சட்டென்று குளிர்கிறது. கீழ்த்தளத்தில் சிலைகளை வைத்திருக்கிறார்கள். முட்டி வலி என்று நைனா வெளியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நான் மாடி ஏறி ஜன்னல் வழியாகக் குளத்தைப் பார்த்தேன். பிறகு மரத்தடியைப் பார்த்தேன். நைனா பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பையிலிருந்து மோர் பாக்கெட்டை எடுத்து வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று.

மூன்றாவது யாருக்கு என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. படியிறங்கி மரத்தடிக்குப் போனேன்.

"எண்டலயே வரீங்களே, வெயிலு சுடுது, நெழலுக்கு வாங்கம்மா" என்றார் அந்த அம்மா.

நான் உட்காரவில்லை. "யார் நைனா இது?"

"கஸ்தூரி. புத்தூரு. அங்கன்வாடி டீச்சரு." நைனா தரையைப் பார்த்துச் சொன்னார். "எனக்குக் கண்ணு ஆபரேசன் ஆச்சும்மா. ஆஸ்பத்திரி லைன்ல பழக்கம். எனக்கு அவங்க கூட இருந்தாங்க. அடுத்த வாரம் அவங்களுக்கு ஆபரேசன், கூட நான்."

"ஆபரேஷனா? எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா லீவு போட்டுக்கினு வருவ. அப்புறம் என்ன மும்பைக்கே கூட்டிக்கினு பூடுவ."

அதைத்தான் செய்திருப்பேன். கோபத்தை அந்த அம்மா மேல் திருப்பினேன். "உங்களுக்கு வீடு இருக்கா?" என் காதுக்கே அசிங்கமாகக் கேட்டது.

அவர் முகம் மாறவில்லை. "இருக்கும்மா. செத்துப்போன எங்க வூட்டுக்காரரு கட்னது. அத வுட்டுட்டு நான் எங்கியும் வரமாட்டேன், நீங்கதான் வரணும்னு உங்க நைனாகிட்ட சொல்லிட்டேன்."

"நீ வேணான்னா வுட்டுர்றேன்" என்றார் நைனா.

மோரைக் குடித்தேன். பெருங்காயம் தூக்கல்.

திரும்பும்போது மூவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். வழியில் புத்தூரில் கஸ்தூரியம்மா தலையாட்டிவிட்டு இறங்கினார். நைனா அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் விசில் ஊதப் போகும்போது எழுந்தேன்.

"எறங்கு நைனா. வீட்டப் பாக்கணும்."

பார்த்தேன். இரண்டு அறை, பின்னால் முருங்கை. குழாயைத் திறந்து பார்த்தேன், பக்கத்து வீட்டில் விசாரித்தேன், அலமாரியைக்கூட எட்டிப் பார்த்தேன். கஸ்தூரியம்மா தடுக்கவில்லை, தோசை சுட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் குளியலறைக்குப் போய்வந்து சொன்னேன்: "தரை வழுக்குது. செவுத்துல ஒரு கைப்பிடி போட்டாதான் நைனா இங்க இருக்க முடியும்."

தட்டு முன்னால் உட்கார்ந்திருந்த நைனா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். "மொதல்ல துன்னுங்க" என்று கஸ்தூரியம்மா அவர் தட்டில் இன்னொரு தோசை வைத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: ராஜமகால் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. காலை பத்து மணிக்குத் திறந்ததும் போய்விடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவுக்கு ஏறும் முன்பே பேசிவிடுங்கள். முடிந்தால் மே மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

எனக்குச் சந்தேகம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தினமும் போன் செய்து இருவரிடமும் தனித்தனியாகப் பேசுகிறேன். ஜூலையில் மறுபடி ரேணிகுண்டாவுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். பதிவுத் திருமணத்துக்கு நைனா பக்கம் சாட்சிக் கையெழுத்து நான்தான்.